நானாவின் ரோட்டுகள்

என் நானா பேராசையால் அழிந்தார் என்று அலவத்துகொடையில் சொல்வார்கள். மூத்த சகோதரரை நாங்கள் நானா என்போம். எனக்கிருந்தது அவர் ஒருவர்தான். அவர் கதையைச் சொல்கிறவர்கள் பலகடுவை வளைவில் தொடங்கிக் கண்டிக் கோர்ட்டில் முடித்துவிடுவார்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம், கேட்கிறவனும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. அந்தக் கோர்ட்டில் ஏறி அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் நான். ஆகவே அவரைப் பற்றிப் பேச எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது நானாவுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. மிளகும் பாக்கும் வாங்கி மாட்டு வண்டியில் கண்டிக்குக் கொண்டுபோய் விற்பதுதான் எங்கள் பிழைப்பு. அதை அவர் எடுத்துக்கொண்டார். மாத்தளை ரோட்டில் அப்போதுதான் பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. லொறிக்கு மேல் பலகை அடித்து, உள்ளே உட்கார வாங்கு போட்ட வண்டிகள். ஆனால் அவற்றின் சொந்தக்காரர்களுக்கு எங்களைப் போன்றவர்கள் தேவைப்படவில்லை. கோட்டுப் போட்டவர் கை காட்டினால் பஸ் நிற்கும். தலையில் கூடை இருந்தால் நிற்காது.

ஒரு நாள் உம்மாவின் காலில் இருந்த புண் பழுத்து, நிற்கக்கூட முடியாமல் போய்விட்டது. நானா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். நானும் கூட நின்றேன். முதல் பஸ் நிற்கவே இல்லை. இரண்டாவது மெதுவானது. கொண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடுத்த பஸ்ஸில வாங்க" என்று சொல்லிப் பலகையில் தட்டினான். பஸ் போய்விட்டது. நானா வண்டியில் வைக்கோலைப் பரப்பி உம்மாவைப் படுக்கவைத்துக் கண்டிக்குக் கொண்டுபோனார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் ஒவ்வொரு குழியிலும் உம்மா முனகிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்து மாடுகளை அவிழ்த்துக் கட்டும்போதுதான் நானா வாயைத் திறந்தார். "தங்கச்சி, நம்மட பஸ் எல்லாருக்கும் நிக்கும்" என்றார். எங்களிடம் அப்போது ஒரு சைக்கிள்கூட இல்லை. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நானாவோடு சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன ஒருவர் கண்டியில் ஒரு கராஜில் வேலை செய்துகொண்டிருந்தார். அக்குறணைப் பக்கத்து ஆள். தாயும் தகப்பனும் இல்லாமல் மாமா வீட்டில் வளர்ந்தவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார் என்று நானா உம்மாவிடம் பெருமையடிப்பார். ஒரு தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்த பழைய லொறியைக் கண்டுபிடித்தது அவர்தான். நானா மாடுகளை விற்றார். உம்மாவின் சம்மதத்தோடு மிளகு நட்டிருந்த துண்டுக் காணியையும் விற்றார். லொறி எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அதன் அடியில் படுத்துக் கிடப்பார்கள். தச்சர் ஒருவர் பலாப்பலகையில் மேல்பாகத்தை அடித்தார். ஆசனங்களுக்குத் தேங்காய்த் தும்பு அடைத்துத் தைத்தது நான். அளவு கேட்கிற சாக்கில் அந்தக் கராஜ்காரர் வாசல் திரைக்கு அப்பால் வந்து வந்து நிற்பார். பஸ்ஸுக்கு நிறம் பூசி முடிப்பதற்கு முன்னால் எங்கள் நிக்காஹ் முடிந்துவிட்டது.

அந்த முதல் பஸ்ஸை ஊரார் 'கூடைக்கார பஸ்' என்று கேலி செய்தார்கள். நானாவுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. என் கணவர் சுக்கானைப் பிடித்து ஓட்டுவார், நானா படியில் தொங்கிக்கொண்டு வருவார். யார் கை காட்டினாலும் நிற்கும். கை காட்டாமல் யோசித்துக்கொண்டு நிற்கிறவர்களையும் கூப்பிட்டு ஏற்றுவார். வெற்றிலைக் கூடையோ பலாக்காயோ கோழியோ, எல்லாவற்றையும் தானே தூக்கிக் கூரையில் வைப்பார். எந்தப் பெண் என்ன கிழமையில் சந்தைக்கு வருவாள், யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டில் கலியாணம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சிங்களவரோடு சிங்களத்தில் பேசுவார். தோட்டத்து ஆட்களோடு அவர்களைப் போலவே பேசுவார். வேறு பஸ் வந்து நின்றாலும் ஏறாமல் எங்கள் பஸ்ஸுக்காகச் சனம் காத்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அவரைப் பேராசைக்காரர் என்று சொல்கிற பலருடைய தாய்மார்களை அன்றைக்குக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டது அவர்தான்.

இரண்டாவது பஸ் வந்தது, மூன்றாவதும் வந்தது. நானா கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை எடுத்துக் கதிரை மேசை போட்டார். என் கணவர் எல்லா வண்டிகளுக்கும் பொறுப்பானார். எனக்கு மகள் பிறந்தாள். உம்மா நானாவுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் அவர், "மாத்தளை ரோட்டு முழுசா நம்மட கைக்கு வரட்டும் உம்மா, அதுக்குப் பொறகு பாப்பம்" என்று தட்டிக்கழித்தார். முதலில் நாங்கள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வயதான சிங்கள மஹத்தயா இரண்டு பஸ் வைத்திருந்தார். உம்மாவை ஏற்றாமல் போனது அவருடைய பஸ் அல்ல. அவர் யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். நானா அவருடைய பஸ்ஸுக்கு முன்னால் ஒன்றையும் பின்னால் ஒன்றையும் ஓடவிட்டார். அவருக்கு ஆள் ஏறவே இல்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் அமர்ந்து நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். ஒரு பஸ்ஸை நானாவுக்கே விற்றுவிடுவதாகவும், மற்றதைக் காலையில் ஒரு தடவை மட்டும் ஓட்ட விடும்படியும், தன் மகன்மார் இருவரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள் என்றும் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். நானா மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முடியாது என்றார். வந்தவர் கோப்பையை வைத்துவிட்டு, எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அவர் வாசல் படலையைத் தாண்டியதும் என் கணவர், "காலையில ஒரு ஓட்டம் தானே மச்சான், உட்டுக் குடுத்தா என்ன?" என்று கேட்டார்.

"ஒரு ரோட்டுல ரெண்டு பேர் ஈக்க ஏலா" என்றார் நானா.

ஒரு ரோட்டில் இருவர் இருக்க முடியாது என்ற அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு மனம் என்னவோ போலாகிவிட்டது. ஆனாலும் அவர் சொல்கிற விதத்தில் ஒரு பலம் இருந்தது. நேற்றுவரை மாட்டுக்குப் பின்னால் நடந்த மனிதர், இன்றைக்கு ரோட்டையே தன்னுடையது என்கிறார். அதைக் கேட்க ஒரு பக்கம் எனக்கும் பெருமையாக இருந்தது. நான் அதை மறைக்கவில்லை.

அதன்பிறகு அவர் நிற்கவில்லை. குண்டசாலைப் பக்கம் ஒரு பஸ் விட்டார். பிறகு ஹுன்னஸ்கிரியவுக்கு விட்டார். அந்த மலை ரோட்டில் அதுவரை தோட்டத்துச் சனம் நடந்தோ லொறியில் நின்றோதான் கண்டிக்கு வந்துகொண்டிருந்தது. ஹுன்னஸ்கிரியவில் ஏறுகிறவன் மாத்தளையில் இறங்கும்வரை தன் பஸ்ஸைத் தவிர வேறொன்றில் கால் வைக்கக்கூடாது என்பார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. உம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்த நாட்களிலும் அவருக்கு அதே யோசனை.

உம்மா படுக்கையில் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒன்று நடந்தது. நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கண்டிக்குப் போக ரோட்டில் நின்றேன். எங்களுடைய பஸ் வந்தது. நான் கை காட்டினேன். பக்கத்தில் கீரைக்கட்டோடு நின்ற இரண்டு பெண்களும் கை காட்டினார்கள். பஸ் புழுதியை எங்கள் மேல் அடித்துவிட்டுப் பறந்தது. பின்னால் வேறொரு கம்பெனியின் பஸ் துரத்திக்கொண்டு வந்ததுதான் காரணம். அந்த இரண்டு பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த நானாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அடுத்த பஸ்ஸும் நம்மட தானே" என்றார்.

உள்ளே இருந்த உம்மா, "இத நான் முன்னயும் ஒருக்கா கேட்டீக்கிறேன்" என்றார்.

நானாவின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. பிறகு கணக்குப்பிள்ளை வந்துவிட்டான் என்று எழுந்து போய்விட்டார்.

மாத்தளை ரோட்டில் அவரோடு மோதிய கம்பெனி பெரியது. புது வண்டிகள், கொழும்பிலிருந்து வந்த பணம். நானா அசையவில்லை. அவர்களைவிடப் பிந்தி மாத்தளைக்குப் போய்ச் சேருகிற டிரைவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு போட்டார். அப்படி இரண்டு டிரைவர்கள் வேலை இழந்தார்கள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார்கள். வண்டிகளைப் பழுது பார்க்க நிறுத்துவதற்கு என் கணவர் ஒவ்வொரு நாளும் மன்றாட வேண்டியிருந்தது.

மாத்தளைக் கோயில் தேருக்கு முந்திய நாள் பின்னேரம், எங்கள் வீட்டு மேசையில் நானாவும் என் கணவரும் இருந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. உம்மா மௌத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பஸ்களில் ஒன்றான சிவப்பு பஸ்ஸின் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை, பலகடுவை இறக்கத்தில் அதை ஓடவிட முடியாது, மாற்றுச் சாமான் கண்டிக்கு வர இரண்டு நாள் ஆகும் என்று என் கணவர் சொன்னார். நானா, தேர் முடியட்டும் என்றார். தேர் நாளில் தோட்டங்களிலிருந்து சனம் அள்ளுண்டு வரும், அன்றைக்கு ஒரு பஸ் குறைந்தாலும் அந்தக் கம்பெனி ரோட்டைப் பிடித்துவிடும் என்றார்.

"அத நான் ஓட்ட மாட்டேன். வேற ஒத்தனுக்குக் குடுக்கவும் மாட்டேன்" என்று சொல்லி என் கணவர் சாவியை மேசையில் வைத்தார்.

நானா சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "அப்ப நான் ஓட்டுறேன். நான் புடிச்சாப் புடிக்கும், மச்சான்."

அவர் பயப்படுகிற ஆள் இல்லை. ஒரு டிரைவரைச் சாகச் சொல்லி அனுப்பிவிட்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் சிவப்பு பஸ் கண்டியிலிருந்து ஆள் நிரம்பிப் புறப்பட்டது. ஏறியவர்களில் பாதிப்பேர் ஹுன்னஸ்கிரியவிலிருந்து அவருடைய மற்ற பஸ்ஸில் வந்து இறங்கிய தோட்டத்துச் சனம். அலவத்துகொடையைத் தாண்டும்போது நான் வாசலில் நின்று பார்த்தேன். நானா ஹோர்னை அடித்துக் கையசைத்தார். பலகடுவை உச்சி வரைக்கும் கம்பெனி பஸ் முன்னால் போயிருக்கிறது. இறக்கத்தில் நானா அதை முந்தினார். முந்தியவருக்கு அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பஸ் ரோட்டை விட்டு விலகிக் கொக்கோ தோட்டத்துக்குள் புரண்டது.

மூன்று பேர் இறந்தார்கள். கை கால் முறிந்தவர்கள் பலர். நானாவின் தோள் எலும்பு உடைந்திருந்தது. ஒரு கை தொங்கிக்கொண்டிருக்க, மற்றக் கையாலேயே உள்ளே சிக்கியவர்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே போட்டாராம். கடைசி ஆளை எடுத்தபிறகுதான் ரோட்டில் உட்கார்ந்தாராம். இதை எனக்குச் சொன்னவர் அந்தக் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். எங்களூர்க்காரர்கள் கதை சொல்லும்போது இந்த இடத்தை விட்டுவிடுவார்கள்.

இறந்தவர்களில் ஒருத்தி ஹுன்னஸ்கிரியவைச் சேர்ந்த இளம்பெண். மகளுக்கு முதல் முடி இறக்கத் தேருக்குப் போனவள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. நானும் என் கணவரும் அவள் குடும்பம் இருந்த தோட்டத்து லயத்துக்குப் போனோம். போக வேண்டாம், அடிப்பார்கள் என்று பலர் தடுத்தார்கள். யாரும் அடிக்கவில்லை. இறந்தவளின் தாய் ஒரு சாக்கை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். இறக்காத முடி நெற்றியில் விழ, அந்தப் பிள்ளை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வண்டிய ஓட்டுனது ஒங்க அண்ணனாம்மா?" என்று கேட்டார்.

ஆம் என்றேன்.

"பிரேக்கு புடிக்காதுன்னு முன்னாடியே தெரியுமாம்மா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, சாபமிடவும் இல்லை. தன் மகள் எப்படிச் செத்தாள் என்று தெரிந்துகொள்ள விரும்பினார், அவ்வளவுதான்.

"தெரியும்" என்றேன்.

அவர் வெகுநேரம் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இத வந்து சொன்னீங்களே" என்றார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நானா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கை கழுத்தில் தொங்கியது. கன்னம் வற்றிப்போயிருந்தது. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். பிரேக் சரியாக இருக்கிறது என்று என் கணவர் சொன்னதை நம்பித்தான் பஸ்ஸை எடுத்ததாகப் பொலிசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டாராம். வழக்குப் பேசக் கண்டியில் பெரிய அப்புக்காத்து ஒருவரையும் பிடித்தாயிற்றாம்.

"மச்சானுக்குக் குற்றக்காசு தான் போடுவாங்க. அத நான் பாத்துக்கொள்ளுறேன். எனக்குக் கேஸ் விழுந்தா லைசன் எல்லாம் ரத்தாகிப் பெய்த்துடும். எத்தன குடும்பம் இந்த பஸ்ஸுகள நம்பி ஈக்கி, யோசிச்சுப் பாரு தங்கச்சி."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அத்தனை குடும்பங்கள் இருந்தன. அதனால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மெதுவாக, "என் மேல பழியச் செல்லிட்டுப் போகட்டும். இந்த வீட்டத் தந்ததே அவர் தானே" என்றார். வீடு என்று அவர் சொன்னது சுவர்களை அல்ல. தாய் தகப்பன் இல்லாத தனக்கு ஓர் உம்மாவையும் மனைவியையும் பிள்ளையையும் நானாவின் சிநேகம்தான் தந்தது என்று அவர் நினைத்தார்.

அதுவரை எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்ததில்லை.

"என்ட மாப்புளட தலையில ஏறி நிண்டு நீங்க ரோட்டுப் பாக்க ஏலா, நானா" என்றேன். "நீங்க சாவிய எடுத்தத நான் கண்ட. நீங்க சென்னத நான் கேட்ட. கோர்ட்டுல வந்து செல்லுவேன்."

"கோர்ட்டுல? நீயா?"

"நான்தான்."

அவர் என்னை அடிப்பார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் எழுந்து வெளியே போனார். படலையை இழுத்துச் சாத்தக்கூட இல்லை.

இரண்டு நாளில் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்கள் இருவர் வந்தார்கள். நான் அந்த வீட்டிலேயே இல்லை என்பதுபோல என் கணவரோடு பேசினார்கள். எங்களூரிலிருந்து ஒரு பெண்பிள்ளை கோர்ட்டில் ஏறியதாகச் சரித்திரம் இல்லை, அதுவும் கூடப்பிறந்தவருக்கு எதிராக, குடும்ப மானம் என்னாவது என்று கேட்டார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வந்தேன். மூன்று மௌத்து விழுந்திருக்கிறது, அந்த வீடுகளுக்கு நீங்கள் யாராவது போனீர்களா என்று கேட்டேன். போகவில்லை. அப்படியானால் மானத்தைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம் என்றேன். ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமலே அவர்கள் எழுந்து போனார்கள்.

கோர்ட்டில் நிறையச் சனம். நான் சொன்னதை மொழிபெயர்ப்பவர் ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பின்னேரம் மேசையில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நானாவின் அப்புக்காத்து எழுந்து, அண்ணன் செல்வந்தன் ஆனது எனக்கும் என் கணவருக்கும் பொறுக்கவில்லை, பொறாமையால் சோடிக்கிறேன் என்றார். அப்படித்தானே என்று என்னிடம் கேட்கவும் செய்தார்.

நான் நீதவானைப் பார்த்துச் சொன்னேன். "என்ட நானா மாதிரி ஒத்தர் எங்கட ஊருல பொறக்க இல்ல. இனிப் பொறக்கவும் மாட்டார். அவர் மேல எனக்குப் பொறாம இல்ல. பிரேக் புடிக்காது எண்டு அவருக்குத் தெரியும்."

நானா அதுவரை கூண்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றவர். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அப்புக்காத்து அடுத்த கேள்வியைத் தொடங்கியபோது நானா கையை உயர்த்தினார். கையை இறக்கச் சொன்னார்கள், அவர் இறக்கவில்லை.

"தங்கச்சி பொய் செல்ல மாட்டா" என்றார். "நான்தான் பொய் சென்ன."

அப்புக்காத்து காகிதங்களை மடித்துவிட்டு உட்கார்ந்தார். நானாவுக்குச் சிறை கிடைத்தது. லைசன்கள் ரத்தாகின. ரோட்டுகளை மற்றக் கம்பெனிகள் பங்குபோட்டுக்கொண்டன. பஸ்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. எங்களை நம்பியிருந்த டிரைவர்களும் கொண்டக்டர்களும் வேலை தேடிக் கொழும்புக்கும் குருநாகலுக்கும் போனார்கள். அவர்களில் சிலருடைய மனைவிமார் ரோட்டில் என்னைக் கண்டால் துப்பினார்கள். துப்பட்டும் என்று நடந்தேன். என் கணவர் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்னக் கராஜ் போட்டார். நாங்களும் அங்கேயே குடிபோனோம்.

சிறையில் பார்க்க அனுமதிக்கிற ஒவ்வொரு முறையும் நான் போனேன். முதல் சில தடவை அவர் வெளியே வர மறுத்துவிட்டார். கொண்டுபோன சாப்பாட்டைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு ஒரு நாள் வந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார்.

விடுதலையானதும் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சிறைக்கு அனுப்பியவளே சோறும் போடுகிறாளாம் என்று ஊரில் கைகொட்டிச் சிரித்தார்கள். இரண்டையும் செய்தேன். இரண்டும் சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வந்தவர் பழைய நானா இல்லை. கராஜின் மூலையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து ஆணிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். ரோட்டில் பஸ் போனால் தலையைத் திருப்ப மாட்டார். ஹுன்னஸ்கிரியவுக்கு ஒரு தடவை தனியே போய்வந்தார். அங்கே என்ன நடந்தது என்று எங்களிடம் சொல்லவில்லை. வந்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

என் மகள் படிப்பில் கெட்டிக்காரி. கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் படிப்பித்த டீச்சர் ஒரு கத்தோலிக்கத் தமிழ்ப் பெண். அவர் வீட்டுக்கு வந்து, இவளைக் கண்டியில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், ஆசிரியை ஆகலாம், அதற்கு மேலும் போகலாம் என்றார். எங்கள் சனத்தில் அப்போது பெண்பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடித்ததும் வீட்டோடு நின்றுவிடுவார்கள். நான் சம்மதித்தேன். என் கணவர் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

டீச்சர் போனபின் மூலையிலிருந்து நானாவின் குரல் வந்தது. "வேணாம் தங்கச்சி. அவளுக்கு ஆசயக் காட்டாத."

நான் திரும்பினேன்.

"ஆசப்பட்டு நான் என்ன ஆன எண்டு கண்ட தானே. மூணு உசிரு. புள்ளய வீட்டோட வெச்சுக்கொள்ளு. உள்ளது போதும் எண்டு இருக்கட்டும்."

ஊர் முழுக்கச் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டேன். அதை அவருடைய வாயிலிருந்தே கேட்க என்னால் முடியவில்லை. கோர்ட்டில் எதிரே நின்றபோதுகூட எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"நீங்க பஸ் வாங்கினது பிழயில்ல, நானா" என்றேன். "பத்து ரோட்டுக் கேட்டதும் பிழயில்ல. அந்தக் கெழவருக்கு ஒரு ஓட்டம் உட்டுக் குடுக்காதது பிழ. புடிக்காத பிரேக்கோட சனத்த ஏத்தினது பிழ. அதுக்குத் தண்டன அனுபவிச்சிட்டீங்க. அதுக்காக என்ட புள்ள ஒண்டுக்கும் ஆசப்படாம இருக்க ஏலா."

என் கணவர் கையிலிருந்த சாமானை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"நீ இன்னும் மாறல்ல" என்றார் நானா, கையிலிருந்த ஆணியைத் துடைத்துக்கொண்டே.

"மாற மாட்டேன்."

அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். மகள் கண்டிக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. பின்னேரத்தில் அவள் வர நேரமானால் மட்டும் வாங்கிலிருந்து எழுந்து வாசலுக்கும் மூலைக்குமாக நடப்பார். அவள் படியில் கால் வைத்ததும் உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நாளில் அவளுடைய கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கத் தொடங்கினார். கணக்கில் அவர் புலி. அவள் பிழைவிட்டால் சத்தமில்லாமல் விரலால் காட்டுவார்.

மலேரியா பரவிய வருடம் வந்தது. கண்டிக்குக் கீழே எல்லா ஊரிலும் வீட்டுக்கு ஒருவர் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். நானாவின் உடம்பில் அதைத் தாங்கப் பலம் இருக்கவில்லை. காய்ச்சலில் அவர் குண்டசாலை என்றும் மாத்தளை என்றும் பிதற்றினார். யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சாகும்போதும் ஆசை விடவில்லை என்பதுபோல. நான் அவர்களை வெளியே போகச் சொன்னேன். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன் அவர் உயிர் போயிற்று. அலவத்துகொடையில் உம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கினோம். முன்னாலே வேலை இழந்துபோன டிரைவர்களில் ஒருவர் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கினார். அவரை அங்கே கண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் வந்தீர்கள் என்று என் கணவர் கேட்டதற்கு, தன்னை முதன்முதலில் சுக்கானில் உட்காரவைத்தது இந்த மனிதர்தான் என்றாராம்.

ஏழாம் நாள் கத்தம் ஓதுவதற்கு ஊரிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மரைக்கார்களில் ஒருவருடைய மனைவி என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினார். மாமா மௌத்தாகி நாற்பது நாள் ஆகும் வரையாவது வீட்டோடு இரு, அதற்குப் பிறகும் இந்தக் கண்டிப் போக்குவரத்து எதற்கு, உங்கள் குடும்பத்தில் ஆசையால் பட்டது போதாதா என்று புத்தி சொன்னார். எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"திங்கக்கிழமை அவளுக்குச் சோதனை ஈக்கி, மாமி" என்றேன். "கொஞ்சம் வட்டிலப்பம் போடவா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் தட்டை நீட்டினார். நான் நிறைய அள்ளிப் போட்டேன். திங்கட்கிழமை காலையில் மழை பெய்துகொண்டிருந்தது. மகள் குடையை விரித்துக்கொண்டு சோதனை எழுதப் போனாள்.